ஒரு லயன், 14 வீடுகள், இரண்டு டிஷ்: ஃப்ரீ டிஷ்ஷோடு ஓராண்டு

பின்னணி

வால்பாறை மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் கடைக்கோடியில் இருக்கும் லயன், அதாவது தொழிலாளர் குடியிருப்பு, அது. ஒரே வரிசையில் 14 வீடுகள். கூரை சிமென்ட் ஷீட். பின்வாசலில் இருந்து பத்தடி போனால் தேயிலைச் செடி. டவுனில் ஓடும் கேபிள் ஒயர் இவ்வளவு தூரம் வரவில்லை, 14 வீட்டுக்காக யாரும் இழுக்கவும் மாட்டார்கள். அதனால் இங்கே டிவி என்றால் கூரையில் ஒரு டிஷ், மாதா மாதம் ரீசார்ஜ்.

நான் டவுனில் டிவி, டிஷ் வேலை செய்கிறவன். 2023 மே முதல் 2024 மே வரை இந்த லயனில் தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவையான டிடி ஃப்ரீ டிஷ் மாட்டிக் கொடுத்து, அதைப் பார்த்துக்கொண்டும் வந்தேன். இதே வேலையை எடுக்கும் மற்ற மெக்கானிக்குகளுக்கும், மலைக் கிராமங்களில் இதைச் செய்து கொடுக்க நினைப்பவர்களுக்கும் உதவும் என்று நடந்ததை எழுதி வைக்கிறேன். எஸ்டேட்டையும் ஆட்களையும் அடையாளம் தெரியும்படி சொல்லவில்லை.

ஃப்ரீ டிஷ் புதிய விஷயம் இல்லை. தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. இப்போது 93.5 பாகை கிழக்கில் நிற்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோள் வழியாக வருகிறது. கார்டு கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. நாடு முழுக்க 4 கோடிக்கும் மேற்பட்ட வீடுகளில் இருக்கிறது. வட இந்தியக் கிராமங்களில் பல இடங்களில் டிவி என்றாலே இதுதான். தமிழ்நாட்டில் அந்த அளவுக்கு இது ஊன்றவில்லை.

மே 2023: லயனில் பார்த்தது

என்னைக் கூப்பிட்டவர் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற ஒரு பாட்டி. "டிவி ரிப்பேர் தம்பி, வந்து பாருங்க" என்றார். போய்ப் பார்த்தால் டிவியில் ஒரு கோளாறும் இல்லை. ரீசார்ஜ் முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. திரையில் ஆங்கிலத்தில் வந்த அறிவிப்பை அவரால் படிக்க முடியவில்லை, டிஷ்ஷோடு வந்த செட்-டாப் பெட்டி கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்திருந்தார். புதுப் பெட்டிக்காக 500 ரூபாய் சேர்த்து முந்தானையில் முடிந்து வைத்திருந்தார்.

அவர் வீட்டில் இருந்தது 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் கிடைத்த 14 அங்குல டிவி. முன்பக்கம் மஞ்சள், வெள்ளை ஓட்டைகளில் துரு ஏறியிருந்தது. சுரண்டிவிட்டுப் பின்னைச் செருகினால் படம் பளிச்சென்று வந்தது. அந்த டிவிகளை யாரும் தூக்கிப் போட வேண்டாம், இன்னும் நன்றாக உழைக்கின்றன.

அன்றைக்கே 14 வீட்டையும் ஒரு சுற்று பார்த்தேன். கூரைகளில் 9 டிஷ் இருந்தன. படம் ஓடியது நாலு வீட்டில். மற்ற ஐந்தும் ரீசார்ஜ் இல்லாமல் கிடந்தன. இரண்டு வீட்டுக்காரர்கள் யாரோ சொன்னதைக் கேட்டுப் பொள்ளாச்சிச் சந்தையில் ஆளுக்கு 500 ரூபாய் கொடுத்து ஃப்ரீ டிஷ் பெட்டி மட்டும் வாங்கி வந்து, மாட்ட ஆளில்லாமல் அலமாரியில் வைத்திருந்தார்கள். மூன்று வீட்டில் ஜார்க்கண்டில் இருந்து வேலைக்கு வந்த குடும்பங்கள் இருந்தன, அவர்களிடம் டிவி உண்டு, டிஷ் இல்லை.

பணக் கணக்கைக் கேட்டேன். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2019-ல் கொண்டுவந்த முறைப்படி, கட்டண டிடிஎச்சில் (மாதக் காசு கட்டிப் பார்க்கும் டிஷ்) எந்தக் கட்டணச் சேனலும் சேர்ப்பதற்கு முன்பே அடிப்படைக் கட்டணம் அப்போது 130 ரூபாய், வரியோடு 153 ரூபாய் 40 காசு. தமிழ் சீரியல், சினிமாச் சேனல்களைச் சேர்த்தால் மாதம் 220-க்குக் குறையவில்லை. அது அன்றைக்கு ஏறக்குறைய அரைநாள் கூலி. ஒரு மாதத்தில் அரைநாள் கூலி பெரிதா என்று கேட்கலாம். மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நாலு நாள் வேலைக்குப் போகாத வீட்டில் முதலில் நிற்பது இந்த ரீசார்ஜ்தான். நின்ற பிறகு மறுபடி போடுவதும் தள்ளிக்கொண்டே போகிறது.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை லயன் வாசலில் எல்லோரையும் வைத்துப் பேசினேன். நாலு விஷயம் முடிவானது.

முதலாவது, யாருக்கும் காத்திருப்பதில்லை. 2023 ஜனவரியில் மத்திய அரசு ஒப்புதல் தந்த பிண்ட் திட்டத்தில், எல்லைப்புறம், பழங்குடிப் பகுதி போன்ற இடங்களுக்கு 8 லட்சத்துக்கும் மேல் ஃப்ரீ டிஷ் பெட்டிகளை இலவசமாகக் கொடுக்கும் ஏற்பாடு இருந்தது. "நமக்கும் வருமா?" என்று கேட்டார்கள். பருவமழைக்கு மூன்று வாரம்தான் இருந்தது. மழை பிடித்துவிட்டால் செப்டம்பர் வரை கம்பம் நட முடியாது. அதனால் சொந்தக் காசில் இப்போதே செய்வது என்று ஆனது.

இரண்டாவது, வீட்டுக்கு ஒரு டிஷ் வேண்டாம், ஏழு வீட்டுக்கு ஒரு டிஷ். இதற்குப் பெரிய காரணம் கூரை. ஷீட்டில் ஆணி அடித்த ஒவ்வொரு இடத்திலும் ஒழுகல். புதிதாக ஓட்டை போட எஸ்டேட் ஆபீசிலும் சம்மதிக்கவில்லை, அது நியாயம்தான். பின்பக்கம் தரையில் இரண்டு இரும்புக் கம்பம் நட்டு, எட்டு வாய் உள்ள எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் நின்று சிக்னலை வாங்கும் கருவி) போட்டால் ஒவ்வொரு வாயில் இருந்தும் ஒரு வீட்டுக்குத் தனி ஒயர் போகும். யார் எந்தச் சேனல் பார்த்தாலும் அடுத்த வீட்டைப் பாதிக்காது. டிஷ்ஷும் புதிதாக வாங்க வேண்டாம், சும்மா கிடந்த ஐந்தில் இரண்டு போதும். அந்த ஐந்தில் ஒன்று வாடகைத் திட்டத்தில் நிறுவனம் மாட்டியது, அதை நான் தொடவில்லை. சொந்தமாகக் காசு கொடுத்து வாங்கிய டிஷ்ஷாகப் பார்த்து, வீட்டுக்காரர் சம்மதத்தோடு எடுத்தேன்.

மூன்றாவது, பெட்டி எம்பெக்-4 தான். எம்பெக் என்பது படத்தைச் சுருக்கி அனுப்பும் முறை, 2 பழையது, 4 புதியது. சந்தையில் எம்பெக்-2 பெட்டி 500 ரூபாய்க்குக் கிடைத்தது. ஆனால் ஃப்ரீ டிஷ்ஷில் ஒரு பகுதிச் சேனல்கள் எம்பெக்-4 முறையில் வருகின்றன, பழைய பெட்டியில் அவை தெரியவே தெரியாது. அதே செயற்கைக்கோளில் வரும் பிஎம் இ-வித்யா கல்விச் சேனல்களுக்கும் புதிய பெட்டி தேவை. 850 ரூபாய் ஆனாலும் பரவாயில்லை என்றேன். ஏற்கெனவே பழைய பெட்டி வாங்கியிருந்த இரண்டு வீட்டுக்கு மட்டும் அதையே வைத்துச் செய்து தருவதாகச் சொன்னேன்.

நாலாவது செலவு. இரண்டு எல்என்பி 1,800, ஒயர் 300 மீட்டர் 3,600, கம்பமும் சிமென்டும் 1,200, கனெக்டர்கள் 400. ஆக 7,000 ரூபாயை 14 வீட்டுக்குப் பங்கு போட்டால் ஆளுக்கு 500. பெட்டி 850, என் கூலி வீட்டுக்கு 100. மொத்தம் 1,450. மாதம் 220 கட்டுகிறவர்களுக்கு ஆறேழு மாத ரீசார்ஜ் காசு. எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் நான் ஒரு தப்பு செய்தேன். "என்னென்ன சேனல் வரும்?" என்று ஒரு அக்கா கேட்டார். "நிறைய வரும்க்கா, நூத்துக்கு மேல இருக்கு" என்றேன். அது உண்மைதான். ஆனால் அவர் கேட்டது எண்ணிக்கையை இல்லை. சாயங்காலம் அவர் பார்க்கிற சீரியல் வருமா என்று கேட்டார். அதற்குப் பதில் "வராது". அதை நான் சொல்லவில்லை. அப்போது அது எனக்கு உறைக்கவும் இல்லை.

மாட்டிய இரண்டு நாள்

வால்பாறையில் நின்று பார்த்தால் ஜிசாட்-15 கிழக்கும் தென்கிழக்கும் சேர்கிற திசையில், அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் இருக்கிறது. திசைகாட்டியில் சுமார் 121 பாகை, ஏற்றம் 67 பாகை. இவ்வளவு உயரத்தில் இருப்பது மலைக்கு நல்லது. எதிர்ப்பக்கச் சரிவும், தேயிலைக்கு நடுவே நிற்கும் சில்வர் ஓக் மரங்களும் குறுக்கே வரவில்லை. டெல்லிப் பக்கம் டிஷ் இன்னும் சாய்ந்து நிற்கும், அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்து இங்கே டிஷ் வைத்தால் சிக்னல் கிடைக்காது. நம் ஊரில் டிஷ் வானத்தைப் பார்க்க வேண்டும்.

எடுத்த இரண்டு டிஷ்ஷும் முன்பு 91.5 பாகையில் உள்ள செயற்கைக்கோளைப் பார்த்தவை. இருந்த இடத்திலேயே திருப்புவதாக இருந்தால் கிழக்கே மூன்றரை பாகை, கீழே இரண்டு பாகை போதும். கம்பத்தின் மேல் அளந்தால் அது ஒரு மில்லிமீட்டர் சொச்சம்தான். இதை இங்கே சொல்லக் காரணம், பின்னால் நடந்ததற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறது.

பெட்டியில் அலைவரிசை 11090, செங்குத்து, சிம்பல் ரேட் 29500 என்று போட்டு, சிக்னல் தரம் மேலே ஏறும் வரை டிஷ்ஷை அசைத்து இறுக்கினேன். பாட்டியின் பேத்தி, அப்போது ஒன்பதாம் வகுப்புக்குப் போக இருந்தவள், டிவிக்கு முன்னால் நின்று "ஏறுது அண்ணா, ஏறுது, ஐயோ போச்சு" என்று கத்திக்கொண்டே இருந்தாள். இரண்டு நாளும் அவளே எனக்குக் கை. இரண்டாம் நாள் மாலைக்குள் 14 வீட்டிலும் படம்.

ஜூலை: மழை

கனமழையில் படம் உடைவதும் நிற்பதும் கட்டண டிஷ்ஷிலும் உண்டு. அது அவர்களுக்குப் பழக்கம். ஆனால் ஜூலை இரண்டாம் வாரம் மழை விட்ட பிறகும் மேற்குப் பக்க ஏழு வீட்டில் படம் திரும்பவில்லை. போய்ப் பார்த்தேன். எல்என்பி வாய்களில் இறுக்கிய எஃப் கனெக்டர் ஒன்றின் வழியாகத் தண்ணீர் இறங்கி உள்ளே பச்சை பிடித்திருந்தது. மேலே சுற்றிய டேப் கழன்று தொங்கியது. எட்டு வாயும் ஒரே எல்என்பிக்குள் இருப்பதால் ஒன்றில் புகுந்த தண்ணீர் ஏழு வீட்டையும் நிறுத்திவிட்டது.

இதில் தொழில் தவறு என்னுடையது. சாதாரண இன்சுலேஷன் டேப் இந்த மழைக்குப் போதாது. ரப்பர் மூடி போட்டு, ஒயரை வாய்க்குக் கீழே ஒரு வளையம் தொங்கவிட்டு ஏற்றியிருக்க வேண்டும், தண்ணீர் அந்த வளையத்தில் சொட்டிவிடும். 900 ரூபாய் எல்என்பியை என் காசில் மாற்றிக் கொடுத்தேன்.

ஆனால் என்னை யோசிக்க வைத்தது வேறு. ஏழு வீடும் ஒரே நேரத்தில் இருட்டானதும் ஒருவருக்கொருவர் சந்தேகப்பட்டார்கள். "அவன் பையன் பந்து அடிச்சான்", "இவங்க வீட்டு ஒயர்லதான் கோளாறு" என்று பேச்சு வளர்ந்து, இரண்டு குடும்பம் ஒரு வாரம் முகம் கொடுக்கவில்லை. வீட்டுக்கு ஒரு டிஷ் இருந்திருந்தால் அது ஒரு வீட்டுப் பிரச்சினையோடு நின்றிருக்கும். செலவைப் பங்கு போட்டபோது, கெட்டுப்போனால் யார் பார்ப்பது என்பதையும் பேசியிருக்க வேண்டும். அதன் பிறகுதான் வீட்டுக்கு மாதம் 10 ரூபாய் சேர்க்கச் சொன்னேன். அந்தப் பணம் பாட்டியிடம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருக்கிறது.

டிசம்பர்: காட்டுமாடு

டிசம்பரில் கிழக்குப் பக்கம் ஏழு வீட்டில் படம் போனது. காலையில் கம்பத்தைப் பார்த்தால் இடுப்பு உயரத்தில் முரட்டு மயிரும் சேறும். இரவு காட்டுமாடு வந்து முதுகைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறது. கம்பம் சாயவில்லை, டிஷ் மட்டும் துளி திரும்பியிருந்தது. மேலே சொன்ன மில்லிமீட்டர் கணக்குதான், படம் இல்லாமல் போக அந்தத் துளி போதும்.

நான் அன்று பொள்ளாச்சியில் இருந்தேன். பேத்தி போனில் கேட்டாள், "நானே திருப்பிப் பாக்கட்டுமா அண்ணா?" சரி என்றேன். அவள் தம்பியை டிவி முன்னால் நிறுத்திவிட்டு, நட்டைத் தளர்த்தி, மூச்சு விடுகிற அளவுக்கு மட்டும் டிஷ்ஷை அசைத்து அரைமணி நேரத்தில் பிடித்துவிட்டாள். இறுக்கிய பிறகு கம்பத்திலும் கிளாம்பிலும் சேர்த்து நகப்பூச்சால் ஒரு கோடு போட்டு வைத்தாள். இனி திரும்பினால் கோட்டைச் சேர்த்து வைத்தால் போதும். இருபது வருடமாக இந்த வேலை செய்கிற எனக்கு இந்த யோசனை வந்ததில்லை. இப்போது மாட்டுகிற எல்லா டிஷ்ஷிலும் கோடு போடுகிறேன்.

ஜனவரி 2024: "பொதிகை போயிருச்சு"

ஜனவரி கடைசியில் பாட்டியிடம் இருந்து போன். "தம்பி, பொதிகைய நிறுத்திட்டாங்க." அவருக்குப் பொதிகைதான் டிவி. செய்தி, பக்திப் பாட்டு, வயலும் வாழ்வும். 2024 ஜனவரி 19 முதல் டிடி பொதிகை, டிடி தமிழ் என்று பெயர் மாறியிருந்தது. சின்னமும் நிறமும் மாறியதால் அவருக்கு அடையாளம் தெரியவில்லை. நேரில் போய், ரிமோட்டைக் கையில் வாங்கி அந்தச் சேனலை முதல் இடத்துக்கு மாற்றி வைத்தேன். பெட்டியிலேயே ஆகாசவாணியின் தமிழ் வானொலியும் கேட்கும் என்று அன்றுதான் காட்டினேன். மாட்டிய அன்றே காட்டியிருக்க வேண்டியது. எட்டு மாதம் அவர் அதைக் கேட்காமல் இருந்தது என்னால்தான்.

ஏப்ரல் 2024: சேனல்கள் இடம் மாறின

ஃப்ரீ டிஷ்ஷில் தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் பிடிக்கின்றன. ஏலத்தில் எடுத்த இடம் பெரும்பாலும் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஆண்டு முடிந்தால் சிலர் போவார்கள், சிலர் வருவார்கள். இந்திப் பக்கம் இது பெரிய அளவிலேயே நடந்திருக்கிறது. 2019 மார்ச்சில் நாலு பெரிய நிறுவனங்கள் தங்கள் இந்திப் பொழுதுபோக்குச் சேனல்களை எடுத்துக்கொண்டன, 2020-ல் திரும்பி வந்தன, 2022 ஏப்ரலில் மறுபடி எடுத்துக்கொண்டன.

ஏப்ரல் முதல் வாரம் லயனில் ஐந்து வீட்டில் இருந்து போன் வந்தது. "பெட்டி கெட்டுப்போச்சு." பெட்டி கெடவில்லை, மறுபடி ஒருமுறை ஸ்கேன் செய்தால் புதிய வரிசை வந்துவிடும். போனிலேயே சொல்லிப் பார்த்தேன், மெனு ஆங்கிலத்தில் இருப்பதால் முடியவில்லை. கடைசியில் பேத்திதான் வீடு வீடாகப் போய்ச் செய்தாள். ரிமோட்டில் எந்தப் பட்டனை எத்தனை தடவை அழுத்துவது என்று படம் வரைந்து ஒவ்வொரு டிவி பின்னாலும் ஒட்டியிருக்கிறாள்.

மே 2024: ஓராண்டுக்குப் பின்

ஒன்பது வீட்டில் ஃப்ரீ டிஷ் ஓடுகிறது. மூன்று வீடு கட்டண டிடிஎச்சுக்குத் திரும்பிவிட்டது. இரண்டு வீட்டில் டிவியையே நிறுத்திவிட்டு போனில் பார்க்கிறார்கள்.

திரும்பிய மூன்றும் தமிழ்க் குடும்பங்கள். அதில் ஒருவர் கூட்டத்தில் என்னிடம் கேள்வி கேட்ட அக்கா. "நீங்க நூறு சேனல்னு சொன்னீங்க தம்பி. நான் பாக்குறது ஒன்னு. அது இதுல இல்ல" என்றார். குற்றம் சாட்டுகிற குரலில் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு அதிகம் வலித்தது. அவர் கொடுத்த 1,450 ரூபாய் அவருக்குப் பெரிய காசு. ஃப்ரீ டிஷ்ஷில் இந்திச் சேனல்கள் குவிந்து கிடக்கின்றன, தமிழில் நம் வீடுகள் தேடுகிற பெரிய பொழுதுபோக்குச் சேனல்கள் இல்லை. அந்தச் சேனல்களுக்குத் தமிழ்நாட்டுச் சந்தாப் பணமே பெரிய வருமானம். இலவசமாகக் கொடுத்தால் அந்தப் பணம் நின்றுவிடும், கொடுக்க மாட்டார்கள்.

ஓடுகிற ஒன்பதில் மூன்று ஜார்க்கண்ட் குடும்பங்கள். அவர்களுக்கு இது முழுசாகப் பயன்பட்டது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுத் தன் மொழியில் ஒரு படம் பார்ப்பது, ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தவர்களுக்குச் சின்ன விஷயம் இல்லை. மற்ற ஆறு தமிழ் வீடுகளில் வயதானவர்கள் இருக்கிறார்கள், அல்லது ரீசார்ஜுக்கு வழியே இல்லை. தேர்தல் சமயத்தில் அந்த வீடுகளில் செய்தி தவறாமல் ஓடியது.

கல்விச் சேனல்களில் நான் நினைத்த அளவுக்குப் பலன் இல்லை. வகுப்புக்கு ஒரு சேனல் என்று இருக்கிறது, பாடம் பெரும்பாலும் இந்தி அல்லது ஆங்கிலம். தமிழ்வழியில் படிக்கிற பேத்தி, அறிவியலில் படம் காட்டுகிற இடங்களை மட்டும் பார்த்தாள். பழைய பெட்டி வைத்திருந்த இரண்டு வீட்டில் ஒருவர் புதியது வாங்கிவிட்டார். முதலில் கொடுத்த 500 வீண்.

அடுத்த முறை மாற்றுவது

பணம் வாங்குவதற்கு முன் ஒரு டிவியில் ஃப்ரீ டிஷ்ஷை ஓடவிட்டு, ரிமோட்டை வீட்டுப் பெண்கள் கையில் கொடுத்துவிடுவேன். அவர்கள் தேடுவது இருக்கிறதா இல்லையா என்று அவர்களே பார்க்கட்டும். இல்லை என்றால் "இல்லை" என்று என் வாயாலும் சொல்வேன். தமிழ் சீரியல்தான் முக்கியம் என்கிற வீட்டுக்கு இதை மாட்ட மாட்டேன்.

எட்டு வாய் எல்என்பி வேண்டாம். இரண்டு அல்லது நாலு வீட்டுக்கு ஒரு டிஷ் போதும். செலவு வீட்டுக்கு 200 ரூபாய் கூடும், ஆனால் கெட்டால் பக்கத்து வீட்டுக்காரர்களே பேசித் தீர்க்கிற அளவில் இருக்கும். பராமரிப்புக்கான மாதப் பத்து ரூபாயை முதல் நாளே தொடங்க வேண்டும்.

லயனில் ஒருவருக்காவது டிஷ் திருப்பவும் ஸ்கேன் செய்யவும் கற்றுக்கொடுத்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும், அதற்கு அரைநாள் ஒதுக்க வேண்டும். இங்கே அது தானாக நடந்தது, எல்லா லயனிலும் நடக்காது. பேத்திக்கு ஒரு ஸ்பேனர் செட்டும் பழைய சிக்னல் மீட்டரும் கொடுத்திருக்கிறேன். பக்கத்து லயனில் நாலு வீட்டுக்காரர்கள் கேட்டிருக்கிறார்கள், பள்ளி திறப்பதற்குள் மாட்டிவிடலாம் என்று நாள் பார்த்து வைத்திருக்கிறாள்.